பெரிய தலை மட்டை பற்றிய உண்மை அறிக்கை

திருகோணமலை

அன்புள்ள மச்சான் அஞ்சலோவுக்கு,

மாதாவின் காவலால் இங்கே என் இடுப்பைத் தவிர எல்லாரும் சுகம். மெல்பேணில் நீரும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். உமது கம்பனி புதிதாகச் செய்த கோல்ஃப் மட்டையை அனுப்பி, அறுபது தாண்டியவர்கள் அடித்துப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றீர். சரிவந்தால் மட்டை எங்களுக்கு, சரிவராவிட்டால் நத்தார்ப் பண்டிகைக்கு இங்கே வரும் உமது மகள் நிரோஷினியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னீர். வட்ஸ்அப்பில் ரெண்டு வரி போதுமாம்! துறைமுகத்தில் இறங்கிய சாமானைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மனுசன் நான். அறிக்கை என்றால் கடதாசியில்தான்.

மட்டையின் தலை ஈரப்பலாக்காய் அளவு. பெட்டியைப் பிரித்தவுடன் உமது அக்கா றோஸ், "இதென்னப்பா, தம்பி ஏன் இவ்வளவு பெரிய அகப்பை அனுப்பினவன்?" என்று கேட்டா. பக்கத்து வீட்டு ஜெமீலின் ஓட்டோவுக்குள் அது நேராக நிற்கவில்லை, குறுக்கே வைக்கவும் ஏலவில்லை, கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டு சாம்பல்தீவுப் பக்கம் ஒரு வெறுங்காணிக்குப் போனோம். முதல் அடிக்குப் புல்லுப் பறந்தது, பந்து அசையேல்ல. அடுத்த அடிக்கு என்ர தொப்பி பறந்தது, பந்து அப்பவும் அங்கதான். பிறகு நானே ஒரு சுத்துச் சுத்திக் குந்தினன். ஜெமீல் பயந்துபோய் ஓட்டோவை எனக்குப் பின்னால கொண்டுபோய் விட, அடுத்த அடிக்குப் பந்து பின்னால போய் ஓட்டோக் கூரையில் விழுந்தது. "லெஸ்லி அண்ணன், நீங்க எந்தப் பக்கம் குறிபாக்கிறீங்க எண்டு சொல்லுங்க, அந்தப் பக்கமே ஓட்டோவ விடுறன். அதுதான் பத்திரம்" எண்டார். என்ர இடுப்புக்குக் காவல் எண்டு பிளேன்ரீப் பிளாஸ்க்கோட வந்த றோஸ் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சா.

ஆனால் மச்சான், அதுக்குப் பிறகு விழுந்துது பாரும் ஒரு அடி! டங் எண்டு சத்தம், பந்து பனையெல்லாம் தாண்டிப் போச்சு, ஜெமீல் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார், பந்தை இன்னும் தேடுறம். இந்த மட்டையால் விழுந்த அடிதான் அது, அதில ஒரு சொல்லும் பொய்யில்லை.

ரிட்டயர் ஆன பிறகு காலமை எழும்பினால் கதிரையைத் தவிர எனக்குப் போக ஒரு இடமில்லை. இப்ப விடிய மூண்டு பேரும் வெளிக்கிடுறம், அடிக்கிறம், பிளேன்ரீ குடிக்கிறம், சிரிக்கிறம். சத்தியமாச் சொல்லுறன், நான் சந்தோஷமா இருக்கிறன். இதைத் திருப்பிக் குடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே, மேற்படி மட்டை எனக்கு முற்றாகப் பொருந்துகிறது எனவும், நிரோஷினி வெறுங்கையோடு திரும்பலாம் எனவும் சிபாரிசு செய்கிறேன்.

உமது வீட்டு வாசலில் மாதா எப்பவும் துணை நிற்கட்டும். நிரோஷினிக்கு நண்டுக்கறி நிச்சயம்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
லெஸ்லி

பி.கு: தம்பி, இது அக்கா. கடிதத்தை ஒட்ட அவர் கம் போத்தல் தேடுறார், கெதியா எழுதுறன். அந்த ஒரு அடி நான் அடிச்சது. பள்ளிக்கூடத்தில 'எல்லே' எண்ட மட்டைப்பந்து விளையாட்டில நான் அடிச்ச அடியெல்லாம் உனக்கு மறந்துபோச்சோ? அவர் அடிச்சு ஒரு பந்தும் இண்டுவரைக்கும் நேராப் போகேல்ல. ஆனா ஓம், மனுசன் இப்ப பாட்டுப் பாடிக்கொண்டுதான் எழும்புறார். அதால இதைத் திருப்பிக் கேக்காத, இது எனக்கு. அவருக்கு இன்னொண்டு அனுப்பு, இதைவிடத் தலை பெரிசாப் பாத்து.