கரண்டு தொட்ட ஆர்மோனியம்

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

மனைவி இப்படிக் கேட்டபோது கரண்டு தொட்டாகிவிட்டது. தொட்டது மட்டுமா, ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிடித்து ஓர் இழுப்பும் இழுத்தாகிவிட்டது. வரவேண்டியது 'ச'. வந்தது 'புஸ்'.

கரண்டு என்பது கல்லூரி விடுதியில் வைத்த பெயர். எலெக்ட்ரிகல் இன்ஜினியர். எதைக் கண்டாலும் நோண்டிப் பார்க்காவிட்டால் அவர் கைக்குத் தூக்கம் வராது. அந்தக் கை இப்போது வெளிநாட்டில், நண்பர் வித்வானின் வீட்டில், விருந்தாளிக்குக் கொடுத்த அறையில் தன் வேலையைக் காட்டிவிட்டது. துருத்தியில் விரல் நீளத்துக்குக் கிழிசல்!

வித்வானும் விடுதித் தோழர்தான். ஒரு தடவை பரீட்சையில் கோட்டைவிட்டு, சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்துவிட்டார். தேற்றுவதற்காக, "ஒரு பாட்டுப் பாடுடா" என்றார்கள். பாடினார். சுருதி ஒரு பக்கம் போக, பாட்டு வேறு பக்கம் போனது. பாவம் என்று, "பிரமாதம்! இன்னொண்ணு!" என்று சொல்லிவைத்தார்கள். அன்று பிடித்த சனியன். எப்போது கூடினாலும் வித்வான் பாடுவார், மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொண்ணு கேட்பார்கள். அவர் மனசு மட்டும் நோகக் கூடாது.

அப்பேர்ப்பட்டவரின் பெட்டிதான், கச்சேரி நாளும் அதுவுமாக, கரண்டின் மடியில் மூச்சில்லாமல் கிடந்தது.

மனைவியின் கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் கிழிசலில் ஒட்டினார். இழுத்தார். வாத்து கத்தியது. மேசை டிராயரில் பசை இருந்தது. கஞ்சத்தனம் இல்லாமல் தடவினார். இப்போது வாத்தும் இல்லை. மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, துருத்தி செங்கல்லாகிவிட்டது.

"பேசாம சொல்லிடுங்க."

"அழுதுடுவான். அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இந்தப் பாட்டுதான்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. உண்மையில் அது ஹாரன் இல்லை, லாரி. அந்த நாட்டிலேயே இன்னொரு ஊரில் இருக்கும் மூன்றாவது நண்பர். அவர் மெதுவாகக் கூப்பிட்டாலே அப்படித்தான் இருக்கும்.

"சீக்கிரம் வாங்கடா! நல்ல சாமானெல்லாம் போயிடும்!"

பகலில் பழம்பொருள் சந்தை, சாயங்காலம் வித்வான் வீட்டில் கச்சேரி என்று ஏற்பாடு. கரண்டு ஒட்டுப்போட்ட பெட்டியை உறைக்குள் தள்ளி மூடிவிட்டுக் கிளம்பினார்.

சந்தையில் மேசை மேசையாகப் பரப்பியிருந்தார்கள். காது போன கோப்பைகள், சாவி தொலைந்த பூட்டுகள், யார் வீட்டுப் பெரியவர்களோ முறைத்துப் பார்க்கும் போட்டோக்கள். ஒரு மேசைக்கு அடியில், தையல் மெஷினுக்கும் கிளிக்கூண்டுக்கும் நடுவே, சாட்சாத் ஓர் ஆர்மோனியம்! கரண்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வித்வான், என் பொண்டாட்டிக்குச் சுவர்க்கடிகாரம்னா உயிர். நீ கொஞ்சம் கூடப் போய்ப் பார்த்துக் குடேன்."

கடிகார ஆசை தனக்கு எப்போது வந்தது என்று மனைவி ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் போனார். கரண்டு லாரியின் காதில் விஷயத்தைக் கிசுகிசுத்தார். அதுதான் தப்பு.

"என்னது! ஆர்மோனியம் உடைஞ்சு போச்சா!"

சந்தையே திரும்பியது. கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வித்வான் ஓடிவந்தார்.

"எ... எந்த ஆர்மோனியம்?"

"என்னோடதுதான். அங்க, எங்க வீட்ல."

"நீ வாசிப்பியா?"

"ஏதோ... கொஞ்சம்..."

"அடப்பாவி, அமுக்கமா இருந்திருக்கியே! இன்னைக்கு உன் கச்சேரிதான். நாங்க எல்லாரும் உக்காந்து கேக்கிறோம்!"

கரண்டு வாயைத் திறக்குமுன் வித்வானே பேரம் பேசி, தானே பணம் கொடுத்து, அந்தப் பெட்டியைத் தூக்கிக் கரண்டின் கையில் வைத்துவிட்டார். அவ்வளவு உற்சாகமாக அவரை யாரும் பார்த்ததில்லை. திரும்பும் வழியெல்லாம் கடிகாரம் தனக்குத் தோன்றியபோதெல்லாம் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் மனைவி கரண்டைப் பார்த்தார்.

சாயங்காலம் வித்வானின் மனைவி கூடத்தில் விரிப்பு விரித்தார்.

"ம், ஆரம்பி" என்றார் வித்வான், சுவரில் சாய்ந்தபடி.

கரண்டுக்குக் கறுப்புக் கட்டை எது, வெள்ளைக் கட்டை எது என்பதுவரை தெரியும். அதற்குமேல் தெரியாது.

"உன் பாட்டைக் கேக்கத்தாண்டா கடல் தாண்டி வந்திருக்கோம். நீ பாடு."

"ஆமாண்டா, பாடு!" என்று லாரியும் முழங்கினார்.

வித்வான் பெருமூச்சு விட்டார். "சரி. ஆனா என் பெட்டி இல்லாம எனக்கு வராது." உள்ளே போய் எடுத்துவந்தார். உறையைக் கழற்றினார். துருத்தியை இழுத்தார். அது அசையவில்லை. திருப்பிப் பார்த்தார். பிளாஸ்திரியைத் தடவினார். பேயறைந்தவர்போல் உட்கார்ந்துவிட்டார்.

கரண்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நான்தாண்டா உடைச்சேன்! உன் பாட்டு நின்னுடக் கூடாதேன்னுதான் சந்தையெல்லாம் தேடினேன். இது உனக்குத்தான். மன்னிச்சிட்டேன்னு ஒரு பாட்டுப் பாடுடா!" சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. நண்பனின் ஒரே சந்தோஷத்தில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று, சந்தையில் வாங்கிய பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினார்.

வித்வான் அவரையும், புதுப் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். கரண்டை இறுக்கக் கட்டிக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

என்றைக்கும் இல்லாத பாட்டு. லாரியே ஒடுங்கிப்போனார். முடிந்ததும் கரண்டின் குரல்தான் முதலில் எழுந்தது: "பிரமாதம்! இன்னொண்ணு!"

அதுவும் ஆயிற்று, அதற்கடுத்ததும் ஆயிற்று. வெந்நீர் குடிக்க வித்வான் உள்ளே போன சமயம், அவர் மனைவி கரண்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? பாடறதுன்னாலே அவருக்கு வேப்பங்காய், நீங்க ஆசையாக் கேக்கறீங்களேன்னுதான் இத்தனை வருஷமாப் பாடறாரு. இந்தத் தடவையாவது தப்பிச்சிடலாம்னு நேத்து கத்திரிக்கோலை எடுத்து அந்தத் துருத்தியைக் கிழிச்சு வெச்சதே அவர்தான்!"