தோணியிலிருந்து இறக்கப்பட்ட கணவர்

2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பதினேழாம் திகதி, வியாழக்கிழமை, போயா எனப்படும் முழுநிலா விடுமுறை. காலை முதல் தூறல். அலுவிகாரைப் பாறைகளின் மேல் இறங்கிய பனிமூட்டம் நண்பகலாகியும் கலையவில்லை. மாத்தளை நகரில் கராம்பும் சாதிக்காயும் விற்கும் அப்துல் ஸமத், கடை பூட்டியிருந்தமையால் வீட்டிலிருந்தார். பசியோடிருந்தார், ஏனெனில் அடுப்பு எரியவில்லை.

"ஆஸியா, ஒரு தேத்தண்ணி சரி கிடைக்குமா?"

"மௌத்து வூட்டுல அடுப்பு மூட்டுவாங்களா?"

"அல்லாஹ்வே! யாரு மௌத்து?"

"இளவேனி போயிட்டா."

"எந்த இளவேனி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க, பர்ஸானாட வாப்பா."

மகளின் பெயரைச் சொல்லியே கணவரை அழைப்பவள் ஆஸியா. இளவேனியை அவருக்குத் தெரியும். ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு புதன்கிழமையும் அவருடைய மனைவி விழி இமைக்காது பார்த்த 'நாழிகைத் தோணி' என்னும் தொலைக்காட்சித் தொடரில், காலத்தின் மேல் தோணி விடும் தோணிக்காரனுக்குத் துணையாக வந்தவளே இளவேனி. அந்தத் தொடருக்கென்று ஒரு சட்டம் உண்டு. தோணியை விட்டு இறங்கும் தோழியின் பொருள்கள் முதலில் மறையும், பிறகு அவளுடைய பெயர் மறையும், இறுதியில் தோணிக்காரனே அவளைப் பார்த்து, "யார் நீ?" என்பான். முந்திய நாள் அது நடந்துவிட்டது.

"அவ நடிகை. இப்ப எங்கயாச்சும் கொத்து ரொட்டி தின்னுக்கிட்டு இருப்பா."

"உங்க வாயில நல்லதே வராதா?"

சாவு நிகழ்ந்த வீட்டில் மூன்று நாள் சமைப்பதில்லை. அக்கம்பக்கத்தார் சாப்பாடு அனுப்புவர். அது ஊர் வழக்கம். அவ்வழக்கத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் நீட்டிய முதற்பெண்மணி ஆஸியாவே. அடுத்த வீட்டுக் கிருஷாந்தி, ரசிகைகளின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவள், மூடியிட்ட பீங்கான் பாத்திரத்தில் இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து, இழவு வீட்டுக்குரிய தாழ்ந்த குரலில் பேசினாள்.

"பல்லேபொலயில ஒரு டீச்சர் கல்யாண வீட்டுக்குப் போகலையாம், ஆஸியா அக்கா. நாவுலயில ரெண்டு பேர் தோணிக்காரன் படத்தைக் கிழிச்சுப் போட்டாங்களாம்."

"கிழிக்கட்டும். அவன் நன்றி கெட்டவன்."

"முந்தின தோழி பூங்கோதையோட ஆளுங்க மட்டும் சிரிக்கிறாங்க. இது அவ சாபமாம்."

"சிரிக்கிறவங்கள குழுவுலருந்து தூக்கு."

மூன்றாம் நாள் முடிந்தது. அடுப்பு எரிந்தது. ஆனால் துக்கம் தீரவில்லை; சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்பில்லை, சோற்றில் பதமில்லை, பேச்சில் இளவேனியைத் தவிர வேறில்லை. அப்போதுதான் அப்துல் ஸமத் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தார். இளவேனியை மறக்கச் செய்வதற்கு ஒரே வழி, இளவேனி என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்றாக்குவது. தொடரின் சட்டத்தைத் தொடரின் தலையிலேயே கட்டுவது!

ஞாயிற்றுக்கிழமை அலுமாரிக் கதவிலிருந்த தோணிப்படம் மறைந்தது. திங்கட்கிழமை இளவேனி முகம் பதித்த கோப்பை மறைந்தது. செவ்வாய்க்கிழமை, ஆஸியா குளித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய தொலைபேசியிலிருந்து ரசிகைகளின் குழுவே மறைந்தது. தொலைக்காட்சியில் அந்த அலைவரிசைக்கு இரகசிய இலக்கப் பூட்டுப் போட்டார். கிருஷாந்தியிடமும் போய், "அக்காட நல்லதுக்குத்தான், கேட்டா தெரியாதுன்னு சொல்லு" என்றார். அண்ணன் முறை சொல்லி அவள் உடனே, "சரி நானா" என்றாள். அத்தனை விரைவாக இசைந்த பெண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"தோணிப்படம் எங்க?"

"எந்தப் படம்?"

"நாழிகைத் தோணிப் படம்."

"அப்படி ஒரு தோணியே இல்லையே, ஆஸியா. கனவு கண்டியா?"

ஆஸியா இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் தேடுவதை விட்டாள். "நான்தான் கனவு கண்டிருக்கேன் போல" என்று மெல்லச் சொன்னாள். அப்துல் ஸமத் வென்றார். அன்றிரவு ஆணத்தில் உப்பும் சரியாக இருந்தது.

இருபத்தெட்டாம் திகதி, திங்கட்கிழமை. பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர் பேருந்தை விட்டு இறங்கியபோது, பனிமூட்டம் வீதி வரைக்கும் வந்திருந்தது. காகம் ஒன்றுகூடக் கரையவில்லை. வீட்டு வாசலில் அவருடைய செருப்புகள் இல்லை. கொடியில் அவருடைய சாரங்கள் இல்லை. விறாந்தையில் அவருடைய சாய்வு நாற்காலி கிடந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் நான்கு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடிப் பேழையில் திருமணப்படம் இருந்தது. அதே சட்டம், அதே கீறல். ஆனால் படத்தில் ஆஸியா தனியாக அமர்ந்திருந்தாள். அவர் நின்ற இடத்தில் வெறும் திரைச்சீலை தொங்கியது.

அவர் உள்ளே நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஆஸியா?"

அவள் உள்ளிருந்து வந்தாள். அவரைக் கண்டாள். கண்டதும் முந்தானையைச் சட்டென்று தலைக்கு இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர்முன் அவள் அப்படிச் செய்ததில்லை. அந்நிய ஆடவன்முன் செய்வது அது.

"யாரு நீங்க? ஆம்பிளைங்க வூட்டுல இல்ல. வெளிய நில்லுங்க."

"என்ன விளையாட்டு இது? நான்தான்!"

"கராம்பு வாங்குறதுன்னா டவுன் கடைக்குப் போங்க."

"நான் உன் புருஷன்!"

"அஸ்தஃபிருல்லாஹ்! வயசான மனுஷன் பேசுற பேச்சா இது?"

அவளுடைய குரலில் கோபம் இல்லை; இரக்கம் இருந்தது. அதுதான் அவரை உலுக்கியது. ஒரு தட்டில் தண்ணீர்க் குவளையை வைத்து, வாசற்படியிலே வைத்துவிட்டு அவள் பின்வாங்கினாள். வழிப்போக்கனுக்குக் கொடுக்கும் தண்ணீர்.

அப்துல் ஸமத்தின் தந்தை தம் இறுதிக் காலத்தில் நினைவிழந்தார். பெற்ற மகனைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டவர் அவர். அந்த நோய் ஆஸியாவுக்கும் வந்துவிட்டதோ? இருந்ததை இல்லையென்று ஒரு வாரம் சாதித்து, தாமே அவளுடைய அறிவைக் கலைத்துவிட்டோமோ? நாவுலயிலிருக்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பர்ஸானா, உம்மாக்கு ஒரு மாதிரியா..."

"யாரு பேசுறது?"

"வாப்பா, மகள்."

"றோங் நம்பர்" என்று சொல்லித் தொடர்பு அறுந்தது.

வேலியருகே ஓடினார். கிருஷாந்தி பூச்செடிக்கருகில் நின்றாள்.

"கிருஷாந்தி! என்னைத் தெரியுதா?"

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "யார் வீட்டைத் தேடுறீங்க, ஐயா?"

நானா என்றவள் ஐயா என்றாள். பனிக்குள் அவருடைய வீட்டின் கூரை ஒரு முறை மறைந்து, மறுபடி தெரிந்தது. அப்போது அவருடைய நெஞ்சில் மிகக் கொடிய ஐயம் ஒன்று எழுந்தது. அவருடைய வாப்பா இறுதிக் காலத்தில் பிறர் வீட்டு வாசற்படலையில் நின்று, இது என் வீடு, உள்ளே என் மனைவி இருக்கிறாள் என்று அழுவார். மூவருக்கும் ஒரே நாளில் மறதி வருமா? மறந்தவர்கள் அவர்களா, அல்லது இல்லாத ஒரு மனைவியை நினைத்துக்கொண்டிருப்பவன் நானா?

அவர் திரும்பி வந்து வாசற்படியில் அமர்ந்தார். 

"பிள்ளை," என்றார், மனைவியை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல். "நான் யாருன்னு எனக்கே விளங்கல."

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள். "இந்த வூட்டு ஆள்னா ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். இளவேனி யாரு?"

அணை உடைந்தது.

"பொலன்னறுவை ராசாக்கள் காலத்துல மழைக்கு ஒதுங்கி, தெரியாமத் தோணியில ஏறினவ! பஞ்சம் வந்த ஊர்ல தன் பங்குச் சோத்தைத் தோணிக்காரனுக்குக் குடுத்தவ! தன்னோட உம்மாவைச் சின்னப் பிள்ளையாப் பாத்தப்ப, கிட்டப் போகாம தூர நின்னு கையசைச்சவ!"

"பிறகு?"

"கடைசியில அவன் 'யார் நீ'ன்னு கேட்டப்ப அவ அழல, ஆஸியா. சிரிச்சா. 'வழி கேக்க வந்தேன்'னு சொல்லிட்டு இறங்கிப் போனா. கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன். எனக்குத் தாங்கல."

"அப்ப அப்படி ஒரு தொடர் இருந்திச்சா?"

"இருந்திச்சு!"

"அதை இல்லாமச் செஞ்சது யாரு?"

"நான்தான்! நான்தான்! எல்லாம் கடையில சாதிக்காய்ச் சாக்குக்குள்ள இருக்கு!"

முந்தானை தலையிலிருந்து இறங்கியது. வேலியைச் சுற்றிப் பின்வழியாக வந்திருந்த கிருஷாந்தி, ஆஸியாவின் தோளுக்குப் பின்னாலிருந்து தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி வெளிப்பட்டாள். அதிலிருந்து, "வாப்பா, அழாதீங்க வாப்பா" என்று பர்ஸானாவின் சிரிப்புக் கலந்த குரல் வந்தது.

"எப்படிப் பிடிச்சே?" என்று அவர் ஆஸியாவிடம் கேட்டார்.

"எல்லாத்தையும் ஒளிச்சீங்க, கிருஷாந்திட பீங்கான மறந்துட்டீங்க. பக்கத்து வூட்டு ஏனத்தை வெறுசாத் திருப்பிக் குடுப்பாங்களா? வட்டிலாப்பம் வச்சுக் கொண்டு போனேன். 'நீ எதுக்கு அன்னைக்கு இடியாப்பம் கொண்டு வந்தே'ன்னு அவகிட்டக் கேட்டேன். மௌத்துக்குன்னா. யாருட மௌத்துக்குன்னு கேட்டேன். அவளால மறைக்க ஏலல."

"அந்தப் படம்?"

"மாப்பிள்ளை வரப் பிந்தினப்ப எடுத்தது. முப்பத்து மூணு வருஷமா அல்பத்துல இருக்கு. நீங்க ஒரு நாளாச்சும் புரட்டிப் பாத்தாத்தானே."

பின்பு நிகழ்ந்தவை இவை. அலைவரிசையின் பூட்டு அன்று மாலையே திறக்கப்பட்டது. நாற்காலியும் சாரங்களும் கிருஷாந்தியின் வீட்டிலிருந்து திரும்பின. கிருஷாந்தி தொலைபேசியில் பதிந்துகொண்ட அப்துல் ஸமத்தின் வாக்குமூலம் குழுவிலுள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு ரசிகைகளையும் சென்றடைந்தது. இளவேனிக்குச் செய்யப்பட்ட இரங்கலுரைகளில் அதுவே தலைசிறந்தது என்று பூங்கோதை அணியினரும் ஒப்புக்கொண்டனர். அவரைக் குழுவில் சேர்த்தனர். சனவரியில் புதிய தோழி தோணியில் ஏறினாள். அப்துல் ஸமத் அன்று முதல் ஒரு புதன்கிழமையையும் தவறவிட விரும்பியதில்லை. இளவேனி இல்லாத தொடர் சுவைக்கவில்லை என்று ஆஸியா பெப்ரவரியில் அதை விட்டுவிட்டாள். அவள் இப்போது கிரிக்கெட் பார்க்கிறாள். தொலைக்காட்சியை அரைமணி நேரம் தரும்படி அவர் கேட்கும்போதெல்லாம், "இந்த ஓவர் முடியட்டும்" என்கிறாள்.