மெத்தைக்கடைக்காரர் தேடிப் பிடித்த பையன்

"டேய் லைல், மறுபடியும் மெத்தை வந்திருக்குடா!" என்று அலறினான் அறைத்தோழன் டஸ்டின்.

இது மூன்றாவது. ஹாஸ்டல் அறையில் கதவைத் திறக்கவே இடமில்லை. லைல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்ன மனுஷன்டா அவர்!" என்று கண்கலங்கினான்.

கலங்காமல் என்ன செய்வான்? வின்ஸ்லோ காலேஜின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவதுதான் அவன் வேலை; போனால் மூன்று புள்ளி. பாழாய்ப்போன பந்து அந்த நடுவைத் தவிர எல்லாப் பக்கமும் போகும். இவனுக்கு எவன் ஸ்காலர்ஷிப் தருவான்? ஃபீஸ் கட்ட வழியில்லாமல், படிப்பும் வேண்டாம் ஆட்டமும் வேண்டாம் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மெத்தைக்கடை மெரிட் வந்தார்.

காலேஜ் ஆட்டக்காரர்கள் விளம்பரத்துக்குப் பணம் வாங்கலாம் என்று ஆகிவிட்ட காலம். அணியில் எத்தனையோ சூரப்புலிகள் இருக்க, மகராசன் தன் கடை விளம்பரத்துக்கு லைலைத்தான் கேட்டார். ஃபீஸ் முழுக்க அவர் பொறுப்பு, கூடவே ஒரு மெத்தையும். ஒரே நிபந்தனை, அணியை விட்டுப் போகக் கூடாது.

இப்பேர்ப்பட்டவருக்கு என்ன கைம்மாறு செய்வது? லைல் விடியற்காலையில் எழுந்து உதைத்துப் பழகினான். பந்து மெல்ல வழிக்கு வந்தது. கடைக்கு ஓடினான்.

"சார், இன்னிக்கு ஒண்ணுகூடத் தப்பலை!"

மெரிட்டின் முகம் சுண்டிப்போயிற்று. "எதுக்குத் தம்பி உடம்பை வருத்திக்கிறே? நல்லாத் தூங்கு. மெத்தை சரியில்லையா?"

உடனே இரண்டாவது மெத்தை வந்தது. உருகிப்போன லைல் சாயங்காலமும் பழகத் தொடங்கினான். அதைக் கேள்விப்பட்டு அவர் அனுப்பியதுதான் இந்த மூன்றாவது.

நன்றி சொல்ல மறுபடியும் ஓடினான். "சார், சனிக்கிழமை ஹார்ட்வெல் காலேஜோட மோதுறோம். உங்களுக்காகவே ஜெயிச்சுக் காட்டறேன்!"

"ஐயையோ, எனக்காகவா? வேண்டாம்ப்பா!"

என்ன அடக்கம் என்று லைல் நெகிழ்ந்துபோனான்.

சனிக்கிழமை. ஆட்டம் முடியப்போகிறது, வின்ஸ்லோ இரண்டு புள்ளி பின்னால். லைல் உதைத்தான். பந்து சமர்த்தாக நடுவில் போயிற்று. அவனைத் தோளில் தூக்கிக் கூத்தாடினார்கள். "உனக்கு ஸ்காலர்ஷிப்புடா!" என்று கோச் கத்தினார். லைல் குதித்து இறங்கி, ஆட்டம் பார்க்க வந்திருந்த மெரிட்டிடம் நேரே ஓடினான். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"சார், நீங்க இல்லேன்னா நான் என்னிக்கோ ஓடிப்போயிருப்பேன். எல்லாம் உங்களாலதான்!"

அழுகை பலமாயிற்று.

பக்கத்திலிருந்த அவர் மனைவி டார்லீன் லைலை அணைத்துக்கொண்டாள். "நீ மனசுல வச்சுக்காதே ராசா. நாங்க ரெண்டு பேரும் படிச்சது ஹார்ட்வெல்ல. போன வருஷம் நீ வெளியே உதைச்சு எங்களை ஜெயிக்க வச்சியே, அந்த நன்றிக்குத்தான் இவரு உன்னைத் தேடிப் பிடிச்சாரு!"