எல்லாம் அசலாக

ஈராக்கின் கிர்குக் நகரின் பண்பாட்டு வரலாற்றில் அன்றைய மாலை பொன்னெழுத்துகளில் பொறிக்கப்படவிருந்தது. பண்பாட்டு அலுவலகத்தின் துணை இயக்குநர் நெஜ்தெத் பே, இன ஒற்றுமைக்காகத் தம் வாழ்நாளின் பெரும் படைப்பை மேடையேற்றுகிறார். துருக்மான் பெண்ணுக்கும் குர்து பையனுக்கும் நிக்காஹ் நடக்கும் நாடகக் காட்சி. பார்க்க பாக்தாதிலிருந்து ஒரு குழுவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ரேப்வார் என்ற குர்து பையன், துருக்மானியரான அவருடைய மகள் ஐதானைப் பெண் கேட்டு வந்ததும், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டதும் போன வாரம். அது வேறு விஷயம். பண்பாடு மேடைக்கு உரியது. வீடு வீடுதான்.

"அந்தக் குர்துக்காரங்க திராட்சை இலையில சுத்துற டோல்மால புளிப்பே இருக்காதும்மா," என்று மகளிடம் காரணம் சொன்னார்.

"நான் டோல்மாவையா கட்டிக்கப் போறேன், பாபா? அவர் இல்லேன்னா எனக்கு யாரும் வேணாம்."

அன்றிலிருந்து பேச்சில்லை. ஆனாலும் விழாவுக்கு உடைகளைத் தேய்த்து அடுக்க வந்திருந்தாள்.

திரை தூக்க அரைமணி இருக்கையில், நடிகர்களை ஏற்றி வந்த வேனின் ஓட்டுநர் போனில் வந்தார்.

"பே, சோதனைச் சாவடியில மாட்டிக்கிட்டோம். சிப்பாய் பாக்கும்போதே முல்லா வேஷக்காரரோட தாடி கழண்டு மடியில விழுந்துடுச்சு. பொண்ணு, மாப்பிள்ளை, அப்பா வேஷம் எல்லாரையும் சேத்து உக்கார வெச்சிருக்காங்க."

நெஜ்தெத் பே அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கு ஓடினார்.

"முல்லா யாசீன், மேடையில ஒரு நிக்காஹ். வந்து ஓதிக் கொடுங்க. எல்லாம் அசலா இருக்கணும்."

"எனக்கு வேற மாதிரி ஓதத் தெரியாதே," என்று செருப்பை மாட்டினார் முல்லா.

மணப்பெண் உடை ஒல்லியான நடிகைக்குத் தைத்தது. அங்கிருந்தவர்களில் ஐதானுக்கு மட்டுமே பொருந்தியது. கேட்டதும், "சரி பாபா," என்றாள். தம் வளர்ப்பை எண்ணி நெஜ்தெத் பே பூரித்தார்.

மாப்பிள்ளைக்கு ஆள் தேடினால், அரங்கத்தில் குர்து உடையும் இடைக்கச்சையுமாக இருந்தவன் ஒருவன்தான். மைக் செட் போட வந்த ரேப்வார்.

நெஜ்தெத் பே பல்லைக் கடித்தார். "நடிப்புதான். பத்து நிமிஷம்."

"நீங்களே கூப்பிடும்போது மறுப்பேனா, பே? நானாக் கேட்டாத்தானே தப்பு."

முல்லா இருவரையும் ஓரமாக அழைத்துப்போய் ஏதோ பேசினார். ஒத்திகை என்று நினைத்துக்கொண்டார் நெஜ்தெத் பே.

திரை எழுந்தது. "பொண்ணைக் கைப்பிடிச்சுக் கொடுக்கிற வலீ யாரு?" என்றார் முல்லா.

"அசல் அப்பாவே நிக்கிறப்ப வேற ஆள் எதுக்கு?" என்றார் முன்வரிசையிலிருந்த குழுத் தலைவர். "பேரும் நிஜப் பேராவே இருக்கட்டும். கேமரா ஓடுது."

நெஜ்தெத் பே மேடையேறி ரேப்வாரின் கையைப் பிடித்தார். அவன் குனிந்து அந்தக் கையை முத்தமிட்டான். நல்ல நடிகன், என்று தோன்றியது.

"என் மகள் ஐதானை உனக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

சொல்லும்போது அவள் கைக்குழந்தையாக இருந்த முகம் ஒரு கணம் வந்து போயிற்று.

"ஏத்துக்கிட்டேன்," என்றான் ரேப்வார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஜ்தெத் பே மைக்கைப் பிடித்து, வேற்றுமைகளை நெஞ்சோடு அணைப்பதே பண்பாடு என்று நெடுநேரம் முழங்கினார்.

கூட்டம் கலைந்தது. "போய் டிரெஸ்ஸை மாத்திக்கிட்டு வாம்மா, வீட்டுக்குப் போகலாம்," என்றார் மகளிடம்.

அவள் நகரவில்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்த முல்லா நிமிர்ந்தார்.

"எந்த வீட்டுக்கு, பே?"

"என்ன முல்லா, நாடகம்தான் முடிஞ்சுதே."

"விளையாட்டுக்குச் சொன்னாலும் நிக்காஹ் நிக்காஹ்தான். அதனாலதான் மேடையேறும் முன்ன ரெண்டு பேர்கிட்டயும் தனியாச் சம்மதம் கேட்டேன்," என்று முல்லா தேநீரில் சர்க்கரையைக் கலக்கினார். "நாடகம் உங்களுக்கு மட்டும்தானாம்."