முன்வரிசையில் நிற்கும் கண்டனக்காரன்

எடமலைப்பட்டி புதூர், திருச்சி.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

பிரியமுள்ள மச்சான் அப்துல் அஹதுக்கு, நஸ்ருல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உன் அக்காவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தப் பாலைவன வெயிலில் ரூம் ஏசி பழுதாகாமல் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். என் தங்கச்சி வஹீதாவின் மகன் சர்ஃபராஸுக்கு நம் காலனி நலச்சங்கம் நடத்திய அஞ்சலிக் கூட்டத்தின் போட்டோவைக் கேட்டிருந்தாய், ரூமில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று. போட்டோ இல்லை மச்சான். கூட்டம் நடந்தால்தானே போட்டோ? ஏன் நடக்கவில்லை என்பதைப் போனில் சொன்னால் கத்திவிடுவேன், பிரஷர் மாத்திரை வேறு தீர்ந்துபோச்சு, அதனால் எழுதுகிறேன்.

நான் காந்தி மார்க்கெட்டில் சாக்கு வியாபாரம் செய்கிறவன். சாக்கைத் தவிர வேறு உலக விவகாரம் எதுவும் அறியாதவன். ஆனால் இந்தக் காலனிக்குக் குடிவந்ததிலிருந்து எனக்கு இன்னோர் உத்தியோகமும் சேர்ந்துவிட்டது: உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் கண்டிப்பது. எங்கே வெடித்தாலும் என்று எழுதிவிட்டேன், அது தப்பு. டிவியில் நல்ல ரோடும் பெரிய கட்டடமும் தெரிகிற ஊரில் வெடித்தால். உடனே சங்கச் செயலாளர் சுப்புராமன் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நிற்பார். "பாய், சாயங்காலம் முக்குல கூட்டம். வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்துடுங்க. நீங்க முன்னாடி நின்னாத்தான் கண்டனத்துக்கு ஒரு வெயிட்டு இருக்கும்" என்பார். நானும் அந்தக் குண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவன் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவேன். எல்லாருக்கும் ஆளுக்கொரு மெழுகுவத்தி, எனக்கு பேனர். பேனர் பிடிக்கிறவனுக்கு இரண்டு கையும் வேலை என்பதால் என் பங்கு மெழுகுவத்தி பெட்டியிலேயே கிடக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து சுப்புராமனின் அண்ணா வந்து சாந்தி ஸ்லோகம் சொல்வார், பேட்ரிசியா டீச்சர் ஒரு பாட்டுப் பாடுவார், கடைசியில் நான் வன்மையாகக் கண்டிப்பேன். ஃபிளெக்ஸ் கடை ரெஜிஸ் எப்போதும் ஒரே டிசைனைத்தான் வைத்திருக்கிறான், ஊர்ப் பெயரையும் கொடியையும் மாற்றினால் போதும். போன தடவை கொடியை மாற்ற மறந்துவிட்டான். ஒன்றுமே நடக்காத வேறொரு நாட்டுக்கு நாங்கள் கண்ணீர் விட்டு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தோம். அந்த நாட்டுக்காரர் யாரும் எடமலைப்பட்டி புதூர் பக்கம் வராததால் தப்பித்தோம்.

இப்போது நம் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். காலனியில் பாதி வீட்டு மோட்டார் சர்ஃபராஸ் கைபட்டு ஓடுவது என்று உனக்கே தெரியும். பிழைக்கப் போன ஊரில், லீவு நாளில் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனவன், அங்கே வெடித்த குண்டில் போய்விட்டான். மய்யித்தைக்கூட அனுப்ப வழியில்லாமல் அங்கேயே அடக்கிவிட்டார்கள். வஹீதாவுக்குப் போய் நின்று அழ ஒரு கபர்கூட இல்லை. அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "துஆ நாம செஞ்சுக்குவோம் அண்ணே. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் இந்தத் தெரு மெழுகுவத்தி ஏத்துச்சு. எம்புள்ள இங்கயே வளந்தவன். அவனுக்கும் ஒருநாள் ஏத்தச் சொல்லுங்க." இதென்ன பிரமாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தலைவர் ரெங்கராஜ் வீட்டில் கமிட்டி கூடியது. காபி கொடுத்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் காபியை ஆற்ற ஆரம்பித்தார்கள். "ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு பாய். ஆனா அது அந்த நாட்டோட உள்நாட்டுப் பிரச்சினை பாருங்க" என்றார் ரெங்கராஜ். "அங்க தினம் வெடிக்குது. தினமும் கூட்டம் போட முடியுங்களா?" என்றார் சுப்புராமன். தினமும் வெடித்தால் செத்தவன் கொஞ்சமாகவா சாகிறான் என்று கேட்டேன். "யார் வெச்சாங்கன்னே இன்னும் தெளிவாத் தெரியலையே, யாரைக் கண்டிக்கிறது?" என்று திரும்பவும் அவரே கேட்டார். மற்ற ஊர்களில் புகை அடங்குவதற்குள் என்னை வெள்ளைச் சட்டை போடச் சொல்லும் மனுஷன்! பேனருக்காகக் கூப்பிட்டிருந்த ரெஜிஸ், "அந்த நாட்டுக் கொடியப் போட்டா பாக்குறவங்க தப்பா நினைப்பாங்க சார்" என்றான். கொடியே வேண்டாம்ப்பா, பையன் போட்டோவைப் போடு என்றேன். உடனே ரெங்கராஜ், "போட்டோ போட்டா அது சொந்தத் துக்கமாயிடும் பாய், சர்வதேசக் கண்டனத்துல வராது" என்றார். கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள்: நிலைமையை ஆழ்ந்த கவலையுடன் கவனித்து வருகிறோம், இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும். இரு தரப்பு யார் மச்சான்? ஒரு தரப்பு குண்டு. இன்னொரு தரப்பு தக்காளிப் பையோடு நின்ற நம்ம பையன். அவன் இனி நிதானமாகத்தான் இருப்பான்.

இவர்களைக் கெட்டவர்கள் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. சேதி வந்த அன்று எல்லாரும் வீட்டுக்கு வந்தவர்கள்தான். ரெங்கராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் மனைவி உமாமகேஸ்வரி மூன்று வேளையும் சோறு கொடுத்தனுப்பினார். தனித்தனியாக எல்லாரும் வந்தார்கள். சங்கமாகத்தான் ஒருவரும் வரவில்லை. தீர்மானத்தை வஹீதாவிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். "அப்ப ஏத்த மாட்டாங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

ஆகையால் நானும் ஒரு தீர்மானம் போட்டுவிட்டேன். இனி எந்த நாட்டில் எது வெடித்தாலும் நஸ்ருல்லா கண்டிக்கப் போவதில்லை. வெள்ளைச் சட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. சுப்புராமன் வந்தால் ஆழ்ந்த கவலையுடன் கவனித்து வருகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன். இது மாறாது.

நாளை அங்கே புறப்படும் கலீலிடம் இந்தக் கடிதமும் மணப்பாறை முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை ரூமில் எல்லாருக்கும் கொடு. கூட்டமான இடத்துக்குப் போகாதே, சந்தைக்குப் போகவே போகாதே. அல்லாஹ் உன்னைக் கண் போலக் காப்பானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்
நஸ்ருல்லா

பி.கு: கவரை ஒட்டும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சுப்புராமன். இன்னொரு நல்ல ரோடு உள்ள ஊரில் வெடித்துவிட்டதாம், சாயங்காலம் கூட்டமாம். நான் வாயைத் திறப்பதற்குள் வஹீதா உள்ளேயிருந்து வந்து, "அண்ணன் வருவாருங்க" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் என்னடி இது என்று கத்திவிட்டேன். "அங்கயும் ஒருத்தி உக்காந்திருப்பால்ல" என்றாள். பெட்டியைத் திறந்து சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். தானும் வருகிறாளாம். "எனக்கு மட்டும் ரெண்டு மெழுகுவத்தி கேட்டு வாங்கிக் குடுங்கண்ணே" என்கிறாள். ஆளுக்கு ஒன்றுதான் என்பது சங்கத்தின் விதி, சுப்புராமன் இதிலெல்லாம் கறார். ஆனால் நான்தான் பேனர் பிடிக்கிறவன் ஆச்சே, என் பங்கு மெழுகுவத்தி சும்மாதானே கிடக்கிறது. அதை வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். நீ கேட்ட போட்டோவும் ராத்திரி போனில் வந்துவிடும் மச்சான். ரூமில் எல்லாருக்கும் காட்டு. பேனரில் எந்த ஊர் என்று பார்க்க வேண்டாம். பெண்கள் வரிசையில் இரண்டு மெழுகுவத்தியோடு நிற்பவள் வஹீதா.