அப்பச்சி திவசத்துக்கு வந்த துரை

சிவமயம்
காரைக்குடி, வைகாசி 4

ரங்கூனில் கடை நடத்திவரும் அண்ணன் காசிவிஸ்வநாதன் அவர்களுக்குத் தம்பி சொக்கு தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம். நேற்று முன்தினம் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

என் மகள் தேனம்மை கல்யாணத்துக்கென்று நீங்கள் அனுப்பிய பொகீமியாக் கண்ணாடிச் சரவிளக்கு ஏழு பெட்டியில் வந்தது. அதைக் கோத்து மாட்ட விரானா என்ற துரை வருவதாக விளக்குக் கம்பெனியார் எழுதினார்கள். புதன்கிழமை துரையும் கம்பெனி குமாஸ்தா அழகுசுந்தரமும் வந்து இறங்கினார்கள். தேசம் செக்கோஸ்லோவாக்கியா. சொல்லி முடிப்பதற்குள் என் வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்துவிட்டது. துரை மறுநாள் விடிந்ததும் முந்நூறு கண்ணாடித் தொங்கலையும் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டார். அன்றைக்கு நம்மைப் பெற்ற அப்பச்சியின் திவசம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்காவது புத்தி வேண்டாமா?

சோறு, அஞ்சு வடை, பாயசம் எல்லாம் இலையில் போட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கூப்பிட்டேன். கண்ணாடி வெயிலில் டாலடித்ததில் ஒரு காக்கைகூடக் கிட்டே வரவில்லை. எல்லாம் வேப்பமரத்திலிருந்து பார்த்துவிட்டு அரியக்குடிப் பக்கம் போய்விட்டன. மணி மூன்றாகியும் காக்கை தொடாததால் வீட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. கண்ணாடியால்தான் என்று நான் சொன்னதை யார் கேட்கிறார்கள்? என் வீட்டுக்காரி சிகப்பி அழ ஆரம்பித்துவிட்டாள். "மாமாவுக்குத் தேவகோட்டை மாப்பிள்ளையைப் பிடிக்கலை. கல்யாணத்தை நிறுத்திப் போடுங்க" என்கிறாள். தேனம்மை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அண்ணே, எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியை எடுக்க மாடிக்குப் போன துரை, இலை தனக்கு வைத்தது என்று நினைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அஞ்சு வடையையும் தின்று பாயசத்தையும் வழித்துவிட்டார். சிகப்பி தலையிலடித்துக்கொண்டு மறுபடி அழுதாள். அழகுசுந்தரம்தான் முன்னால் வந்தான்.

"ஆச்சி, அழாதீக. விரானான்னா அவுக பாஷையிலே காக்கா. போலந்துக்காரன் வுரோனாங்கான், ருஷ்யாக்காரன் வரோனாங்கான். எல்லாம் ஒரே காக்காதான். கறுப்புங்கிற பழைய சொல்லுலேருந்து வந்த பேருன்னு படிச்சவுக சொல்றாக."

"இவுக செக்கச்செவேல்னு இருக்காகளே?"

"பேரு பாட்டன் காலத்துது ஆச்சி."

சிகப்பி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமாவுக்கும் வடைன்னா உசுரு" என்று சொல்லி எல்லோருக்கும் இலை போடச் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேனம்மை கதவைத் திறந்தாள். அன்றிலிருந்து துரைக்குத்தான் முதல் இலை. இருபத்துநாலாம் தேதி முகூர்த்தத்துக்கும் அவர் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று சிகப்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

உங்கள் வீட்டில் அண்ணமிண்டி ஆச்சிக்கு என் வணக்கம். குழந்தைகள் சொக்கநாதர் கிருபையால் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். எல்லோரும் இருபதாம் தேதிக்குள் வந்துவிடவும்.

இப்படிக்கு,
சொக்கு

பி.கு. கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் அழகுசுந்தரம் என்னைத் தனியே கூப்பிட்டான். விரானா துரை காய்ச்சலோடு சென்னையில் படுத்திருக்கிறாராம். வந்தவர் வேறு ஆளாம், பேர் சோவா. "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றேன். "நானும் காலையிலேருந்து பட்டினி, அண்ணாச்சி" என்றான். சோவா என்றால் ஆந்தையாம். போலந்திலும் ருஷ்யாவிலும்கூட அதே பேர்தானாம். வாசித்ததும் கிழித்துப் போடுங்கள். சிகப்பி முன்வரிசை நாற்காலிக்குப் பட்டு உறை தைத்துக்கொண்டிருக்கிறாள்.