தாம்பூலப் பையில் போன புத்தகங்கள்

பண்ருட்டி,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் வெண்மதி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடலூர்ப் பதிப்பகத்தில் முதல் கதைப் புத்தகம் போட்ட இளமதியின் தகப்பன், பலா மண்டி கொளஞ்சியப்பன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி இளவரசி, மண்டியிலிருக்கும் பழங்கள் எல்லாரும் சௌக்கியம். இளமதி சௌக்கியமா என்று தெரியவில்லை. நாலு நாளாக என்னிடம் பேசவில்லை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நடந்த வெளியீட்டு விழாவை உங்கள் செய்தி மடலில் எழுதும்போது, 'நூல் வெளியிடப்பட்டது' என்பதோடு தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். நான் செய்த கூத்து அதில் வந்தால் எழுத்தாளர்கள் முகத்தில் முழிக்க முடியாது என்று அவள் தாயாரிடம் அழுதாளாம்.

நான் பத்தாவதை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். எனக்குத் தெரிந்த விழா கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் மூன்றும்தான். நீங்கள் மூன்றே பேர் பெயர் போட்டு அழைப்பிதழ் அனுப்பியதும், பாவம், பதிப்பகத்துக்குச் சொந்தபந்தம் இல்லை போலிருக்கிறது என்று இரங்கி, நானே ஐம்பத்தாறு பேர் பெயருடன் மஞ்சள் தடவி ஒன்று அடித்தேன். வாழை மரம் கட்டினேன். விமர்சகர் ஐயா கதைகளைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தபோது, பந்தி ரெடி என்று மைக்கில் சொன்னது என் மச்சினன் உத்திராபதி. சொல்லச் சொன்னது நான். மண்டபத்தில் மிச்சம் நீங்கள், இளமதி, விமர்சகர், மைக் செட்டுக்காரர். அதைக்கூட மன்னிக்கலாம் அம்மா. வாசலோர மேசையில் நூற்றிருபது புத்தகம் அடுக்கியிருந்தது பாருங்கள், வாசலில் அடுக்கினால் போகிறவர்கள் கையில் கொடுக்கத்தானே என்று, தேங்காய் வெற்றிலையோடு ஆளுக்கொன்றாகத் தாம்பூலப் பையில் போட்டு அனுப்பிவிட்டோம். அது விற்பனைக்கு என்பதும், அதை வாங்கத்தான் லால்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அவர் வெறும் மேசையப் பாத்து முழிக்க, உத்திராபதி போயி, "பை தீந்துபோச்சு சார், கோச்சிக்காதீங்க, ரெண்டு பலாச்சுளையாச்சும் எடுத்துக்குங்க"ன்னு ஊட்டிவிடாத குறையா நீட்டுறான். இளமதி பாத்துட்டா. "யப்பா, நான் புஸ்தகம் எழுதுனனா, காது குத்திக்கிட்டனா?"ன்னா. அதான் கடைசிப் பேச்சு. இப்பல்லாம் "அவர சாப்பிட வரச் சொல்லு"ன்னு அவ அம்மாகிட்ட சொல்றா. நான் பக்கத்து சேர்லதான் உக்காந்திருக்கேன்.

ஆகையால் என் பெயர், படம், பலாச்சுளை எதுவும் மடலில் வர வேண்டாம். இனி அவள் எத்தனை புத்தகம் போட்டாலும் கடைசி வரிசையில் கைகட்டி உட்காருவேன். உங்கள் பதிப்பகம் நல்ல பலா மரம் மாதிரி அடியிலிருந்து காய்த்துத் தொங்க ஆண்டவனை வேண்டும்,

தங்கள் உண்மையுள்ள,
கொளஞ்சியப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் குமராட்சி சித்தப்பாவிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தாம்பூலப் பையைப் பிரித்தாராம். பக்கத்து சீட்டில் அதே வாத்தியார். அவர் படிக்க இவர் கேட்க, குமராட்சி போச்சு, லால்பேட்டையும் போச்சு, காட்டுமன்னார்கோயிலில் கண்டக்டர் இறக்கிவிட்டாராம். "ஏண்டா, புஸ்தகத்த வாத்தியாரு புடுங்கிக்கிட்டாரு. அந்தப் புள்ள அடுத்தத எப்ப எழுதும்?" என்றார். ஸ்பீக்கரில் கேட்ட இளமதி சிரித்துவிட்டாள். இந்தக் கடிதத்தையும் என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். விக்கல் வரும்வரை சிரித்துவிட்டு, "யப்பா, இத அப்பிடியே மடல்ல போடச் சொல்லு" என்கிறாள். எனவே மேலே கேட்டதை மறந்து, முழுசாகப் போடவும். படம் இணைத்துள்ளேன். நீலச் சட்டை நான், உத்திராபதியை வெட்டிவிடலாம். அடுத்த விழாவுக்குப் பந்தியை முதலிலேயே முடித்துவிடுகிறேன்.